இடப்பக்கம் கட்டிங், வலப்பக்கம் லாரி

பாப்பா பனியனை அயர்ன் மேசையிலிருந்து கிளப்பி, சுண்டுவிரல் அகலத்துக்கு வலப்பக்கம் நகர்த்திவிட்டு, காளியக்கா நாற்காலியில் சாய்ந்து பார்க்கிறார். திருப்தி இல்லை. மறுபடியும் குனிந்து அரை விரல் மேலே ஏற்றுகிறார். “ஆங், அங்கியே இரு” என்கிறார். பனியன் இருந்துகொள்கிறது.

இத்தனையும் நடப்பது கம்ப்யூட்டர் திரையில். நிஜமான பாப்பா பனியன் பதினோராயிரம் பீஸ், பதினெட்டுப் படி இறங்கினால் கீழே கம்பெனித் தளத்தில் கிடக்கிறது. அது அக்கா சொல்வதைக் கேட்கிறதா, அல்லது அது கிடக்கும் இடத்தை அக்கா கேட்டு வைத்துக்கொள்கிறாரா என்பதில் எனக்கு எப்போதும் ஒரு குழப்பம் உண்டு. அந்தக் குழப்பம் ஒருநாள் கம்பெனி முழுக்கப் பரவியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முழுப்பெயர் காளியாத்தாள். வயது ஐம்பத்திரண்டு. சொந்த ஊர் சேவூர். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தவர். தைக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கும் வேலை அது. பிறகு செக்கிங்குக்குப் போனார். மூன்று வருடத்துக்கு முன்னால் முழங்கால் கெட்டது. உடனே அவரை மாடி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். முழங்கால் கெட்டவரை ஏன் மாடியில் உட்கார வைத்தார்கள் என்று நானும் பலரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அக்கா காலையில் ஒருமுறை ஏறுவார், சாயங்காலம் ஒருமுறை இறங்குவார். நடுவில் இறங்கவே மாட்டார். கீழே என்ன நடக்கிறது என்பதை, தளத்து சூப்பர்வைசர் தனபால் அண்ணனிடம் இன்டர்காமில் கேட்டுக்கொள்வார்.

எந்த ஆர்டர் எங்கே நிற்கிறது, எதைப் பெட்டியில் போடலாம் என்று சொல்வதுதான் அவர் வேலை. இதற்கு மற்ற கம்பெனிகளில் பெரிய பெரிய அட்டவணை போடுகிறார்கள். அக்காவும் அட்டவணை போடுவார். ஆனால் அதைத் திறந்து பார்க்க மாட்டார். ஒவ்வொரு ஆர்டருக்கும் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர். அது மஞ்சளாக இருப்பதால் அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் மஞ்சப்பை. அந்தப் பைகளைத் திரையெங்கும் இறைத்து வைத்திருப்பார். முதலில் பார்க்கும் யாருக்கும் எரிச்சல் வரும். ஒன்று மேலே, இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, நாலு ஒரு மூலையில். நானும் ஒரு மாதம் இது அலங்கோலம் என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் கண்ணாடிச் சன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. திரையின் இடப்பக்கம் கட்டிங். அதை ஒட்டி இரண்டு வரிசையாகத் தையல் மிஷின். நடுவில் செக்கிங் மேசை, அப்புறம் அயர்ன், அதற்கப்புறம் ரேக்குகள், வலப்பக்க ஓரத்தில் பேக்கிங், லாரி நிற்கும் ஷட்டர். அப்படியே அச்சாகக் கீழ்த்தளம். ஆர்டர் நகர நகர அக்கா பையை நகர்த்துவார். இரண்டு பை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அங்கே இரண்டு ஆர்டர் ஒரே மேசையில் கிடக்கிறது என்று அர்த்தம். ரீசைக்கிள் பின்னைக்கூட மூலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய், கீழே கட்டிங் வேஸ்ட் மூட்டை போட்டு வைக்கும் இடத்தில் நட்டு வைத்திருக்கிறார். மேலே வலது மூலை காலியாகக் கிடக்கும். அது தூத்துக்குடி. லாரி ஏறிய ஆர்டர் ஒரு வாரம் அங்கே மிதக்கும். கப்பல் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்த பிறகுதான் அதை எடுத்து வேறிடத்தில் போடுவார்.

மானிட்டருக்கு ஒரு பனியன் தைத்துப் போட்டிருக்கிறார். சாயங்காலம் போட்டுவிட்டுப் போவார், காலையில் கழற்றுவார். கழுத்துப்பட்டி உண்டு, அரைக்கை உண்டு. மானிட்டருக்குக் கை எதற்கு என்று கேட்டேன். “கையி இல்லாம பனியன் எப்படிக் கண்ணு வரும்?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

எனக்கும் அதே மாடியில்தான் வேலை. லேபிள், எலாஸ்டிக், பாலிபேக் எல்லாம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர். பிளஸ் ஒன் பாதியில் நின்றவனுக்கு எண்ணவாவது தெரியும் என்று நம்பிக் கொடுத்தது. எண்ணி முடித்த நேரத்தில் கை சும்மா இருப்பதில்லை. ஒருமுறை அக்காவின் திரையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். அவர் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து அரை மணி நேரம் அதிலேயே வேலை பார்த்துவிட்டு, “இன்னிக்கு சித்தெ தல சுத்துதுங் கண்ணு, ஒரு எலுமிச்சம்பழம் கெடைக்குமா?” என்றார். நான் ஓடிப்போய் மூன்று பழம் வாங்கி வந்து பிழிந்து கொடுத்தேன். அவர் குடிக்கும் நேரத்தில் திரையை நேராக்கிவிட்டேன். “பாத்தியா, பழத்தக் குடிச்சதும் சரியாப் போச்சு” என்றார். அவர் என்னைக் கிண்டல் செய்தாரா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா? இரண்டு நாள் யோசித்தும் பிடிபடவில்லை.

அக்காவின் நாற்காலிக்கு ஆபத்து வந்தது சின்ன முதலாளி பிரபாகர் ரூபத்தில். பெரிய முதலாளி லிங்கசாமிக்கு அக்காவின் திரை பற்றிக் கவலை இல்லை. கேட்டால் பதில் வருகிறதா, அது போதும். மகன் கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்தவர். அவர் ஒரு சாஃப்ட்வேர் பார்த்து வைத்திருந்தார். அது வந்தால் எந்த ஆர்டர் எங்கே என்று அதுவே சொல்லிவிடும், அந்த நாற்காலிக்கு யாரும் வேண்டாம் என்று அக்கா காதுபடவே இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அக்கா அந்தப் பக்கம் இருப்பதை அவர் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். “வந்தா நல்லதுதானுங்க” என்று அக்காவும் சொல்வார். சொன்ன பிறகு ஒரு பையை எடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பார். அடுத்த திங்கட்கிழமை சாஃப்ட்வேர்காரர் வருவதாக இருந்தது.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா மாத்திரை போடத் தண்ணீர் பிடிக்கப் போனார். அவர் நாற்காலி சூடு ஆறுவதற்குள் நான் மவுஸைப் பிடித்தேன். நடுவிரலால் வலது பட்டனில் ஒரு அழுத்து, வரும் பட்டியலில் ஒரு டிக்கை எடு. எல்லா ஐக்கானும் மறைந்துவிடும். எதுவும் அழியாது. திரும்ப டிக் வைத்தால் அத்தனையும் அதனதன் இடத்தில் வந்து நிற்கும். ஐந்து நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்பது திட்டம்.

அக்கா வந்தார். உட்கார்ந்தார். திரையில் வெறும் நீலம். மெதுவாகக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். மடித்து வைத்திருந்த மானிட்டரின் பனியனை எடுத்து இரண்டு முறை உதறிப் பார்த்தார். அப்போது எனக்கு வந்த சிரிப்பை அடக்க எலாஸ்டிக் ரோலைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் எழுந்து, சன்னலுக்குப் போய், கண்ணாடியில் நெற்றி படும்படி நின்று கீழே பார்த்தார். கம்பெனி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது போல இருந்தது அது. சிரிப்பு நின்றுவிட்டது. டிக்கை வைத்துவிடலாம் என்று நான் எழுந்த நேரம், படியில் பிரபாகரின் ஷூ சத்தம் கேட்டது.

அன்று மூன்று மணிக்கு வெளிநாட்டு வாங்குபவர் சார்பில் ஒரு இன்ஸ்பெக்டர் வருகிறார். பாப்பா பனியன் பெட்டிகளில் சிலவற்றைப் பிரித்துப் பார்ப்பார். தேறினால் ஆறு மணிக்கு லாரி. அதைச் சொல்லத்தான் பிரபாகர் வந்தார். வெறும் திரையைப் பார்த்தார்.

“என்னக்கா, ஒண்ணையும் காணோம்?”

“மஞ்சப்பையெல்லாம் காணமுங்க.”

“ஏதாவது அமுக்கிட்டீங்களா?”

நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. “ஆமாங்க. நாந்தான் என்னமோ அமுக்கிட்டேனுங்க” என்றார்.

பிரபாகர் குனிந்து இரண்டே தட்டில் அத்தனையையும் வரவைத்தார். பைகள் அதனதன் இடத்தில் வந்து நின்றன. எனக்கு மூச்சு வந்தது. அந்த மனிதர் அதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். கோழி கிளறிவிட்ட மாதிரி வைத்திருந்தால் எதுதான் காணாமல் போகாது என்றார். மறுபடியும் இரண்டு தட்டு. பைகள் எல்லாம் சரசரவென்று ஓடி, பள்ளிக்கூடத்துப் பிரேயர் போல இடப்பக்கத்தில் பெயர் வரிசையில் நின்றன. தையலும் அயர்னும் லாரியும் தூத்துக்குடியும் ஒரே நொடியில் நீலமாகிவிட்டன.

“இப்பப் பாருங்க, எப்படி இருக்குது.”

அக்கா பார்த்தார். “நல்லா இருக்குதுங்க” என்றார்.

பிரபாகர் போனதும் நான் பாய்ந்து வந்து பழையபடி ஆக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். ஐக்கானை மறைத்தால் திரும்ப வரும். வரிசையாக்கினால் பழைய இடம் திரும்ப வராது. அந்தக் கம்ப்யூட்டருக்கு இடம் என்பது ஒரு பொருட்டே இல்லை. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “எல்லாம் இருக்குது கண்ணு. ஆனா ஒண்ணும் இல்ல” என்றார்.

என்ன போயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். பாப்பா பனியன் துணி மூன்று தடவையாகச் சாயம் ஏற்றி, மூன்று லாட்டாகச் சாயப்பட்டறையிலிருந்து வந்தது. மூன்றும் கருநீலம்தான். ஆனால் இரண்டாவது லாட்டில் இலேசாகச் சிவப்பு ஓடும். வாங்குபவர் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார், ஒரு பெட்டிக்குள் ஒரே லாட்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அயர்ன் முடிந்ததும், லாட் எண் எழுதிய கட்டுச் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதன் பிறகு எந்த அடுக்கு எந்த லாட் என்பதற்கு ஒரே சாட்சி அது இருக்கும் ரேக். இந்த ஆர்டருக்கு மட்டும் அக்கா லாட்டுக்கு ஒரு பை வைத்திருந்தார். பையின் பெயர் லாட்டைச் சொல்லும். பை நிற்கும் இடம் ரேக்கைச் சொல்லும். அவர் மேலிருந்து ரேக்கைச் சொல்லச் சொல்ல, கீழே பெட்டி கட்டுவார்கள். முப்பத்தெட்டுப் பெட்டி கட்டி முடித்திருந்தது. இன்னும் அறுபதுக்கு மேல் பாக்கி. எந்த ரேக்கிலிருந்து எடுப்பது என்று சொல்ல இப்போது ஆளில்லை.

அக்கா இன்டர்காமை எடுத்து, இரண்டாவது லாட்டை எந்த ரேக்கில் வைத்திருக்கிறார்கள் என்று தனபால் அண்ணனிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே பதில் கேட்டது.

“என்னைக் கேட்டா? நீங்கதானக்கா சொல்லோணும்.”

“நீதானப்பா எனக்குச் சொன்னே.”

“சொன்னேனுங்க. சொன்னதோட மறந்துருவனுங்க. அதான் உங்ககிட்ட இருக்குதேன்னு.”

அவர் சொன்னதை இவர் வைத்துக்கொண்டார். இவர் வைத்திருப்பதை அவர் கேட்டுக்கொண்டார். மூன்று வருடமாக இப்படித்தான் கம்பெனி ஓடியிருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு டிக்கை எடுத்திருக்கிறேன்.

அக்கா எழுந்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து, பகல் வேளையில் கீழே இறங்கினார். நான் பின்னாலேயே போனேன். ஆறாவது படியில், “அக்கா, காலையில வந்து…” என்று ஆரம்பித்தேன்.

“மொதல்ல எறங்கற வழியப் பாரு சாமி. பேசுனா எனக்குக் காலு தடுமாறும்.”

தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அக்காவை நடுப்பகலில் தளத்தில் பார்த்துப் புதிதாகச் சேர்ந்தவர்கள் முழித்தார்கள். அவர் என்றால் அவர்களுக்கு இன்டர்காமில் வரும் ஒரு குரல் மட்டும்தான். அவர் யாரையும் பார்க்காமல் நேராக ரேக்குகளுக்குப் போய், நடுவில் நின்று, இடமும் வலமும் திரும்பினார். கண்ணை மூடித் திறந்தார். மறுபடியும் திரும்பினார்.

“தனபாலு, இந்த ரேக்கு ஏன் இங்க நிக்குது?”

தனபால் அண்ணனுக்குத் தெரியவில்லை. ரேக் எப்போதும் அங்கேதான் நிற்கிறது என்று நினைத்திருந்தார். ஒடிசாவிலிருந்து வந்திருக்கும் ஹெல்பர் ஒருவர்தான் பதில் வைத்திருந்தார். கூரைத் தகட்டைக் காட்டி, “பானி, பானி” என்றார். பிறகு இரண்டு கையாலும் ரேக்கைத் தள்ளுவது போலச் செய்து காட்டினார். செவ்வாய்க்கிழமை மழையில் கூரை ஒழுகியிருக்கிறது. சரக்கு நனையாமல் இருக்க, சக்கரம் வைத்த ரேக்குகளை அவர்கள் ஓடிப்போய்ச் சுவரோரம் தள்ளியிருக்கிறார்கள். நல்ல காரியம். மழை நின்றதும் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள். எது முன்னால், எது பின்னால் என்று யார் பார்த்தார்கள்?

மாடிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆக, நான் கை வைப்பதற்கு இரண்டு நாள் முன்பே அக்காவின் திரை பொய்யாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் மேலே உட்கார்ந்து நம்பிக்கையோடு ரேக் சொல்லி, கீழே அதே நம்பிக்கையோடு கட்டிய முப்பத்தெட்டுப் பெட்டியிலும் எது எதனோடு கிடக்கிறது என்று இப்போது சாமிக்குத்தான் தெரியும். எனக்கு நிம்மதியாக இருந்தது. உடனே அந்த நிம்மதியை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

தனபால் அண்ணன் அக்காவை ஒரு பக்கமாக அழைத்துப் போய்த் தணிந்த குரலில் பேசினார். பெட்டிக்கு டேப் ஒட்டியாயிற்று, இன்ஸ்பெக்டர் நாலைந்துதான் பிரிப்பார், டியூப்லைட் வெளிச்சத்தில் கருநீலமெல்லாம் ஒன்றுதான், திங்கட்கிழமை சாஃப்ட்வேர் வருகிற நேரத்தில் நீங்களாகப் போய்த் தலையைக் கொடுக்காதீர்கள் என்றார். அவர் அக்காவின் நல்லதுக்குத்தான் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். தரையில் கிடந்த ஒரு நூலைச் செருப்பால் இழுத்து இழுத்து விட்டார்.

“கொழந்தைங்க டியூப்லைட்டுக்கு அடியிலயே நின்னுட்டிருக்குமா தனபாலு? வெய்யில்ல வெளையாடப் போகுமல்ல.”

அக்கா என்னிடம் போனை வாங்கி, பிரபாகரைத் தானே கூப்பிட்டார். அவர் வந்ததும் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

“இந்த முப்பத்தெட்டுப் பொட்டியும் நாஞ்சொல்லிக் கட்டுனதுங்க. தப்பாச் சொல்லிப் போட்டேனுங்க. எல்லாத்தையும் பிரிக்கோணும்.”

பிரபாகருக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. ஐக்கான்களைத்தான் வரவைத்துக் கொடுத்தாயிற்றே, அப்புறம் என்ன என்று கேட்டார். அக்கா தரையில் கையைக் காட்டி, இங்கே கட்டிங், இங்கே அயர்ன், அதேபோல மேலே என்று விளக்க விளக்க, அவர் முகம் காலையில் தான் செய்த காரியத்துக்கு மெதுவாக வந்து சேர்ந்தது.

“அதெல்லாம் எடம் பாத்தா வெச்சிருந்தீங்க? சொல்றதில்லைங்களாக்கா?”

“நல்லா வெச்சுக் குடுத்தீங்க. அப்பறம் எப்படிங்க சொல்றது?”

அவர் அப்படியே ஒரு காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். பெட்டி அமுங்கியது. யாரும் சிரிக்கவில்லை. “இதுக்குத்தான் சாஃப்ட்வேர் வேணுங்கறது” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். “ஆமாங்க” என்றார் அக்கா. ரேக் இடம் மாறினால் சாஃப்ட்வேருக்கு மட்டும் யார் சொல்வார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். வாயைத் திறக்கும் யோக்கியதை எனக்கு அன்று இல்லை.

பிறகு நடந்தது வேகம். லிங்கசாமி ஐயா இன்ஸ்பெக்டரை வழியிலேயே மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போய், சாப்பாட்டுக்கு மேல் இளநீர், இளநீருக்கு மேல் காபி என்று நேரத்தை இழுத்தார். இங்கே ஷட்டரை முழுக்கத் தூக்கி, வெயில் விழும் இடத்தில் செக்கிங் மேசைகளைப் போட்டோம். நான் டேப்பைக் கிழித்துப் பெட்டிகளைக் கவிழ்த்தேன். ரேக்குகளில் இருந்தவையும் அடுக்கு அடுக்காக வந்து சேர்ந்தன. அக்கா நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு அடுக்கின் மேலிருந்து ஒரு பனியனை எடுப்பார், வெயிலில் ஒரு திருப்பு, அடுக்கு இடப்பக்கம். இன்னொன்று, ஒரு திருப்பு, வலப்பக்கம். எனக்கு எல்லாம் ஒரே நீலமாகத் தெரிந்தது. முதல் லாட்டையும் மூன்றாவதையும்கூட அவர் விரல் தனித்தனியாகப் பிரித்தது. அது கண்ணின் வேலையா கையின் வேலையா என்று கேட்டேன். “தெரியல கண்ணு. கேட்டா நின்னு போயிரும், கேக்காத” என்றார்.

கையோடு வேறு பழுதுகளும் மாட்டின. அவற்றின்மேல் செக்கிங் பெண்கள் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போனார்கள். எங்கே கோளாறோ அந்த இடத்தைக் காட்டும்படி அம்பு நிற்கும். அம்பு ஒட்டிய பீஸைக் கழித்துவிட மாட்டார்கள். தைத்தவர் கைக்கே திரும்பப் போகும், சரிசெய்து வாங்குவார்கள்.

நாலே முக்காலுக்குக் கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டினோம். ஐந்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தார். எட்டுப் பெட்டியைப் பிரித்தார். அதிலும் ஒரு பெட்டியை என்னவோ சந்தேகப்பட்டு வாசலுக்கே தூக்கிப் போய் வெளிச்சத்தில் பார்த்தார். தனபால் அண்ணன் அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். தேறியது. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய லாரி ஆறே காலுக்குக் கிளம்பியது.

பிரபாகர் அக்காவிடம் நன்றி எல்லாம் சொல்லவில்லை. சாஃப்ட்வேர்காரரை வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வந்ததும் முதல் மூன்று நாள் அவர் காளியக்கா பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கம்பெனியைத் தெரிந்துகொள்ள வேண்டும், அப்புறம்தான் மற்றது என்று போனில் பேசிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். அக்காவிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஏதாவது வேண்டுமா என்று.

“என்ற மேசையக் கீழ போட்டுக் குடுங்க.”

வெள்ளிக்கிழமை காலை அக்காவின் மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர், பனியன் போட்ட மானிட்டர் எல்லாம் இறங்கின. செக்கிங் மேசைக்கும் ரேக்குகளுக்கும் நடுவில், கூரை ஒழுகாத இடமாகப் பார்த்துப் போட்டோம். அக்கா உட்கார்ந்து மஞ்சப்பைகளை மறுபடியும் இறைக்க ஆரம்பித்தார். பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு யோசித்தார். மாடியிலிருந்து பார்க்கும்போது கட்டிங் அவருக்கு இடப்பக்கம். இப்போது அவர் எதிர்ப்புறமாக உட்கார்ந்திருக்கிறார். கட்டிங் வலக்கைப் பக்கம். “தூத்துக்குடி இந்தப் பக்கமல்ல வந்துருச்சு” என்று சொல்லிக்கொண்டு, அத்தனை பையையும் ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கத்துக்குக் குடிபெயர்த்தார். தனபால் அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நான் மேசைக்கு அடியில் ஒயர்களைச் செருகி முடித்து வெளியே வந்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்று முந்தின இரவே முடிவு செய்திருந்தேன். அவர் கேட்கிற வழியாக இல்லை. “அக்கா” என்றேன். அவர் திரும்பாமல், பக்கத்து மேசையில் கிடந்த ஸ்டிக்கர் சுருளை இழுத்து, ஒரு சிவப்பு அம்பை உரித்தார். என் வலக்கையைப் பிடித்துத் திருப்பினார். நடுவிரல் நகத்தின்மேல் அதை ஒட்டி, வழுக்கிவிடாமல் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். கையை விட்டுவிட்டு, அடுத்த மஞ்சப்பையைப் பிடித்து இழுத்தார்.